சேற்றுக்கு வந்த சீமை வண்டி

போன வாரம் ஸ்னேகாவை ராஜார்ஹாட் போகும் டாக்ஸியில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. 'அந்தப் பெண் தன் எடிட்டரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன?' என்று சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா அம்மா? அவள் கேட்டால்தானே!

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஸ்னேகா, கல்கத்தாவில் ஓர் ஆங்கிலத் தினசரியின் மோட்டார் பக்கத்துக்கு எழுதுகிறவள். சனிக்கிழமைக்காக எடிட்டர் அவள் தலையில் கட்டிய கேள்வி இது: விலை ஏற ஏற, இந்தச் சொகுசு ஜீப்புகள் காடு மேடு ஏறுவதை மறந்துவிட்டனவா? "தோல் சீட்டைப் பற்றி எழுதியது போதும். சேற்றில் இறக்கிப் பார்த்து எழுது" என்றார். அதற்கு வண்டி கொடுக்க ஒப்புக்கொண்ட ஷோரூமில் விற்பனை மேனேஜர் சந்தீப். ஸ்னேகாவின் கூடப்பிறந்த அண்ணன்.

இது எடிட்டருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்பீர்கள். கல்கத்தாவில் முகர்ஜி வீட்டில் பிறந்த அத்தனை பேரும் முகர்ஜி. நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைப் பின்னால் ஒட்டினார்கள். ஸ்ரீனிவாசராகவன் என்ற நீளத்தைக் கண்டு மலைத்துப்போன ஒரு பள்ளிக்கூடம், மகனுக்கு முன்பாதியைக் கொடுத்து சந்தீப் ஸ்ரீனிவாசன் ஆக்கியது. இன்னொரு பள்ளிக்கூடம், மகளுக்குப் பின்பாதியைக் கொடுத்து ஸ்னேகா ராகவன் ஆக்கியது. சாப்பிடுவது ஒரே வீட்டில். ஊருக்கு அவர்கள் இரண்டு குடும்பம்.

முதல் நாளே ஸ்னேகா எடிட்டரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டாள். அப்பா பேச்சை மீறி பேங்க் வேலையை விட்டவன் சந்தீப். "ஆபீசர் உத்யோகத்தை உதறிட்டு, கார் கதவைத் திறந்து விடற வேலைக்குப் போறான்" என்று அப்பா அன்று சொன்னதை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. இப்போது ஷோரூம் முதலாளி கெடு வைத்துவிட்டார். வடக்கு வங்காளத்து டூவர்ஸ் தேயிலைத் தோட்டக்காரர் சான்யால் நான்கு வண்டி எடுத்தால் சந்தீப்பின் ஜீப் பிரிவு பிழைக்கும். எடுக்காவிட்டால் துர்கா பூஜை முடிந்ததும் இழுத்து மூடிவிடுவார்கள். சந்தீப் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பிரசவத்துக்காக ஜாம்ஷெட்பூர் போயிருக்கும் அவன் மனைவி பூர்ணிமாவுக்கு இதில் ஒரு வரி கூடத் தெரியாது.

சரி, டாக்ஸி நின்றுவிட்டது. இறங்குவோம்.

ராஜார்ஹாட்டில் புது நகரம் வரப்போகிறதாம். வந்திருந்தது பாதிச் சாலையும், லாரி லாரியாகக் கொட்டிய மண்ணும், நேற்றைய மழைத் தண்ணீரும்தான். அன்று விஸ்வகர்மா பூஜை, வங்காளத்து ஆயுத பூஜை. வானம் கொள்ளாமல் காற்றாடிகள். எங்கேயோ ஒன்று அறுந்துவிட்டது போலும், "போ காட்டா!" என்று ஒரு கும்பல் கத்தியது.

வெள்ளை வண்டி சாலை ஓரத்தில் நின்றது. காலையில் ஷோரூம் பூஜையில் போட்ட செண்டுப்பூ மாலையும், பானெட்டில் சிந்தூர ஸ்வஸ்திகாவும் அப்படியே இருந்தன. பக்கத்தில் சந்தீப், டையும் கையுமாக. அவனோடு குட்டையாக, கதர் ஜிப்பா போட்ட ஒருவர், அவர்தான் சான்யால். மூன்றாவதாக வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

காக்கித் தொப்பி, கணுக்கால் மூடிய பழைய பூட்ஸ்.

ஸ்னேகா அப்படியே நின்றுவிட்டாள். அப்பா!

சந்தீப் நாலே எட்டில் அவளிடம் வந்தான். "முழிக்காதே. நீ எனக்குத் தங்கை இல்லை, அவர் நமக்கு அப்பா இல்லை."

"பின்ன யாராம்?"

"மிஸ்டர் ஸ்ரீனிவாசராகவன். ரிடயர்ட் ஜியாலஜிஸ்ட். ஃபீல்டு எக்ஸ்பர்ட்."

"அண்ணா, உனக்கு மூளை கழண்டு போச்சா?"

"மும்பைலேந்து வர வேண்டிய டிரைவர் ஃப்ளைட்டைக் கோட்டை விட்டுட்டான். சேத்துல ஓட்டத் தெரிஞ்சவா வேற யாரை எனக்குத் தெரியும்? சிங்பூம் ஆத்து மணல்ல வாழ்க்கை பூரா ஜீப் ஓட்டினவர்தானே. நேத்திக்குக் கேட்டேன். பதிலே சொல்லலை. கார்த்தால பார்த்தா பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுண்டு உக்காந்திருக்கார்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவன் கண் அந்தப் பூட்ஸின் மேலேயே இருந்தது. அதற்குமேல் திட்ட ஸ்னேகாவுக்கு மனம் வரவில்லை.

சான்யால் கை குவித்தார். அவர் பேசியது வங்காளமும் இங்கிலீஷும் கலந்து. நமக்காகத் தமிழில் சொல்கிறேன். "என் தோட்டத்துக்கு ஆற்றுப்படுகையில் இறங்கித்தான் போகணும் மிஸ் ராகவன். பாலம் வருஷா வருஷம் அடித்துக்கொண்டு போகும். போன மழையில் என் மானேஜர் இந்த மாதிரி ஒரு பளபளா வண்டியில் போய் நடு ஆற்றில் நின்றார். என் அப்பா காலத்து ஜீப் போய்க் கட்டி இழுத்தது. எனக்குச் சொகுசு வேண்டாமென்று சொல்லவில்லை. அக்கரைக்குப் போகணும், அவ்வளவுதான்."

"போகும் சார்" என்றான் சந்தீப்.

"பார்க்கலாம், யங் மேன்" என்றார் அப்பா. பெற்ற பிள்ளையை! அவருக்கு இந்த நாடகம் உள்ளூரப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அப்பா ஸ்டியரிங் பிடித்தார். முன்னால் ஸ்னேகா, பின்னால் சான்யால். சந்தீப் ஜன்னலோடு குனிந்து நின்றான்.

"லோ கியர் குச்சி எங்கே?" என்றார் அப்பா.

"குச்சி கிடையாது சார். இந்தக் குமிழைச் சேறுன்னு போட்டிருக்கற பக்கம் திருப்பினா போறும்."

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாதிரின்னா இருக்கு! எங்க ஜீப்ல முன் சக்கரத்தை எறங்கிக் கையால பூட்டணும். அப்பத்தான் நாலு சக்கரமும் இழுக்கும்."

"இது தானாவே பூட்டிக்கும்."

"என்னைக் கேக்காமயா?" என்று அப்பா உறுமினார்.

ஆனாலும் வண்டி போயிற்று. குமிழைத் திருப்பியதும் தன் உடம்பை ஒரு சாண் தூக்கிக்கொண்டது. மண்மேட்டில் ஏறியது. சறுக்கலில் அப்பா பிரேக்கைத் தொடாமலே ஒவ்வொரு அடியாக இறங்கியது. முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்து அக்கரை ஏறியபோது, "பரவால்லையே" என்று அப்பாவின் வாயிலிருந்தே வந்துவிட்டது. எட்ட நின்ற சந்தீப் அதைக் கேட்டிருக்க முடியாது. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரி போயிருக்கும்.

கடைசியாக ஒரு பள்ளம். பழைய மீன் குளத்தை ஆற்று வண்டல் கொட்டி மூடிய இடம். மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. வெளியேறும் வழியைக் காட்டுவதற்காக சந்தீப் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனான். வண்டி பாதி தூரம் போய் நின்றது.

அப்பா அழுத்தினார். ஒரு சக்கரம் சுழன்றது, வண்டி தானே அதைப் பிடித்து நிறுத்தியது, கடகடவென்று அடிவயிற்றில் சத்தம் கேட்டது. அப்பா காலை எடுத்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி எடுத்தார்.

எதிர்க்கரையிலிருந்து சந்தீப் கத்தினான்: "காலை எடுக்காதேங்கோ சார்! ஒரே சீரா அழுத்திண்டே இருங்கோ! அது தானா வரும்!"

"வரும்கறான். நான் அழுத்தினா அது அமுக்கறது. ஒரு வண்டிக்கு ரெண்டு எஜமானன் ஆகுமோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா கதவைத் திறந்து சேற்றில் குதித்தார்.

ஆற்று மணலில் ஜீப் மாட்டினால் அவருடைய ஆட்கள் செய்வது ஒன்றுதான். டயரில் காற்றை இறக்கு. டயர் அகலமாகப் பரந்து மண்ணைக் கவ்விக்கொள்ளும். அவர் கையால் எத்தனை முறை செய்திருக்கிறார்! முன் சக்கரத்தில் குனிந்து, மூடியைக் கழற்றி, பேனா முனையால் ஊசியை அமுக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. அடுத்த சக்கரத்துக்கும் போனார்.

"சார், இந்த டயர்..." என்று ஸ்னேகா கதவைத் திறப்பதற்குள் எதிர்க்கரையிலிருந்து சந்தீப் பள்ளத்தில் பாய்ந்துவிட்டான். வழுக்கி விழுந்தான், எழுந்தான், ஓடி வந்தான். டை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம்.

"அப்பா! வேண்டாம்பா! தொடாதேங்கோ! அது தாங்காதுப்பா!"

பின் சீட்டில் சான்யால் மெதுவாகக் கேட்டார்: "அப்பா?"

ஸ்னேகா திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கோ பொல்லாத கோபம். நாலு பேர் எதிரில் பிள்ளை தன்னைப் பார்த்துக் கத்துவதா? ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்து அழுத்தினார். வண்டி இரண்டு முழம் நகரத்தான் செய்தது. அடுத்த நொடி முன்பக்கம் 'சொத்'தென்று உட்கார்ந்தது. ஒரு பக்க டயர் சக்கரத்தைவிட்டுக் கழன்று சேற்றுக்குள் போய்விட்டது.

சான்யால் ஜிப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, சாலைக்கு ஏறி நின்றார். மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள்.

"எங்கள் தோட்டத்தில் ஒரு மதராசி அக்கவுண்டன்ட் இருக்கிறார். அவர் பையன் அவரை அப்படித்தான் கூப்பிடுவான்" என்றார் சான்யால். "மிஸ்டர் ஸ்ரீனிவாசன், இவர் உங்கள் தகப்பனாரா?"

சந்தீப் தலையசைத்தான்.

இங்கே ஸ்னேகா வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அவள் அப்படிப்பட்ட பெண்ணில்லை.

"எனக்கும்" என்றாள்.

சான்யால் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் படவில்லை. "ஆக, வண்டியை விற்பவருடைய அப்பா ஓட்ட, விற்பவருடைய தங்கை மார்க் போட, நான் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். வண்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்ல முடியவில்லை. காலையில் வந்தபோது எனக்குத் தெரிந்ததுகூட இப்போது தெரியவில்லை."

"சார், ஒரு நிமிஷம்..." என்றான் சந்தீப்.

"நீங்கள் இரண்டு பேரும் சொல்வதை இனி நான் எடுத்துக்கொள்ள முடியாது." ஜிப்பாப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "நீங்கள்தான் காலையிலிருந்து இந்த வண்டியைத் திட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் உங்களை நம்புகிறேன். திங்கட்கிழமை வரை எடுத்துக்கொள்ளுங்கள். இது அக்கரைக்குப் போகுமா போகாதா, ஒரு போன் செய்து சொல்லுங்கள். அதன்படி செய்கிறேன்."

தன் காரில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா கார்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதோ அந்தச் செங்கல் சூளையில டிராக்டர் இருக்கும். கூட்டிண்டு வரேன்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.

சந்தீப் ஒர்க் ஷாப்புக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மெக்கானிக் எடுத்தான், பின்னால் டாக் மேளம் முழங்கியது. "இன்னிக்கா? அண்ணா, ஸ்பானர் முதல் ஜாக்கி வரை விஸ்வகர்மா பாபா காலடியில் இருக்கு. இன்னிக்குத் தொட்டால் என் கை விளங்குமா? நாளைக்கு வாங்க." டயர் கடைக்காரனும் அதையே சொன்னான். விஸ்வகர்மா பூஜையன்று கல்கத்தாவில் வண்டி கெட்டால் அந்த விஸ்வகர்மாதான் வர வேண்டும்.

போனை மூடியதும் தங்கையின் மேல் பாய்ந்தான். "நீ எதுக்குடி 'எனக்கும்'னே? யார் கேட்டா உன்னை?"

"பின்னே? அவர் கேக்கறவரைக்கும் முழுங்கிண்டு நிக்கணுமா?"

"உன் கட்டுரையாவது மிச்சம் இருந்திருக்கும். அதைப் பார்த்தாவது வாங்கியிருப்பார்."

"அப்படி வாங்கி, அவர் நடு ஆத்துல நின்னா? அப்ப யார் போய் இழுக்கறது, நீயா?"

சந்தீப் சேற்றோடு சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "பூர்ணிமா கிட்ட என்னன்னு சொல்வேன்?" என்றான். அழுகிறானோ என்று ஸ்னேகாவுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் என்ன தோன்றிற்றோ, விருட்டென்று எழுந்தான். சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டினான்.

"வா, ஒரு கை பிடி."

டிக்கியில் ஜாக்கி இருந்தது, முழு அளவு ஸ்டெப்னி இருந்தது, சிகரெட் லைட்டரில் செருகினால் ஓடும் ஒரு சின்னப் பம்பும் இருந்தது. சாலை போடுவதற்குக் குவித்திருந்த செங்கல்லில் பத்துப் பதினைந்தை இருவருமாகச் சுமந்து வந்து களியில் பரப்பி, அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினார்கள். ஸ்னேகாவின் துப்பட்டா போன இடம் தெரியவில்லை. சக்கரத்தை மாட்டி முடிப்பதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. காற்றிறங்கிய இன்னொரு சக்கரத்துக்குப் பம்பைப் போட்டான்.

"தள்ளி நில்லு. சக்கரத்துக்கு முன்னாடி செங்கல் ஏதாவது இருக்கா பாரு."

"இல்லை. எல்லாம் ஜாக்கி இருந்த இடத்துலதான், பக்கவாட்டுல இருக்கு."

சந்தீப் ஏறி உட்கார்ந்தான். அழுத்தினான். அதே சக்கரம் சுழன்றது, அதே கடகட சத்தம் வந்தது. அவன் காலை எடுக்கவில்லை. வண்டி உறுமியது, குலுங்கியது, நடுங்கியது. 'எடுத்துடாதே அண்ணா, எடுத்துடாதே' என்று ஸ்னேகா வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று எங்கேயோ பிடி கிடைத்தது. ஒரு முழம். இன்னொரு முழம். அவ்வளவு பெரிய வண்டி அவசரமே படாமல் பள்ளத்தைவிட்டு ஏறிச் சாலையில் வந்து நின்றது.

"அண்ணா!" ஸ்னேகா கத்திய கத்தலில் காற்றாடி விட்டவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஜன்னல் வழியாகவே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கணம் இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அப்புறம்தான் உறைத்தது. இதைப் பார்த்தவர்கள் யார்? விற்பவனும், அவன் தங்கையும். சான்யால் நம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போன அதே இருவர்.

அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். "டிராக்டருக்கு மாலை போட்டு வச்சிருக்கான். இன்னிக்குக் கிளப்ப மாட்டானாம்" என்றவர், சாலையில் நிற்கும் வண்டியைப் பார்த்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். களியில் பாதி புதைந்து கிடந்த செங்கல்கள் கண்ணில் பட்டன.

"ஓகோ. செங்கல் அடுக்கி எடுத்தேளா? அப்படி எடுத்தா மாட்டு வண்டிகூட வரும்."

"அது ஜாக்கிக்கு வச்சதுப்பா" என்றாள் ஸ்னேகா.

"சரி சரி, ஏறு."

திரும்பும் வழியில் பைபாஸில் ஸ்னேகா போனை எடுத்து எடிட்டரைக் கூப்பிட்டாள். எதையும் மறைக்கவில்லை. அவர், "சனிக்கிழமைப் பக்கத்தை வேறு யாரையாவது வைத்து நிரப்பிக்கொள்கிறேன். நீ நாளை மறுநாள் என்னை வந்து பார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். சேலத்து வாசகி இப்போது சந்தோஷப்படலாம். ஸ்னேகாதான் வீடு வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

பாலிகஞ்சில் ஃபிளாட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அம்மா ராஜலக்ஷ்மி வாசலிலேயே நின்றாள்.

"ஐயோ பெருமாளே, என்ன கோலம் இது! கை கால் அலம்பிண்டு வாங்கோ. சாத்தமுது சூடா இருக்கு."

மூவரும் அலம்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தட்டில் யாரும் கை வைக்கவில்லை.

"ஏன்னா, என்ன ஆச்சு? மூணு பேர் வாயிலயும் கொழுக்கட்டையா?"

சந்தீப் கொட்டித் தீர்த்துவிட்டான். சான்யால், காற்று, கழன்ற டயர், கார்டு, எல்லாம். கடைசியில், "அப்பா ஒரு வார்த்தை சொன்னா என் வேலை நிக்கும்" என்றான்.

"சொல்றேன். பார்த்ததைச் சொல்றேன்" என்றார் அப்பா. "பள்ளத்துல மாட்டிண்டது. காத்தை எறக்கினப்புறம்தான் நகர்ந்தது. டயர் சொத்தை, பிச்சிண்டு போயிடுத்து. இதுல எது பொய், சொல்லு."

"டயர் சொத்தையில்லைப்பா. உங்க ஜீப் டயர் மாதிரி அது தடியா இருக்காது. பக்கத்து ரப்பர் மூணு விரல்கடைதான். அதுல காத்தை எறக்கினா பிடிச்சுக்க இடமே கிடையாது."

"அப்போ அதைப் போய்க் காட்டுக்கு ஏன்டா விக்கறே?"

சந்தீப் தங்கையைப் பார்த்தான்.

"அது நியாயமான கேள்விதான், அண்ணா" என்றாள் ஸ்னேகா. "நான் எழுதியிருந்தா அதைத்தான் எழுதியிருப்பேன். இந்த வண்டிக்கு ஏறத் தெரியறது. பார்வைக்காகப் பெரிய சக்கரத்தைப் போட்டு ரப்பரைக் குறைச்சுட்டா. கல்யாணச் செருப்போட வயல்ல இறங்கின மாதிரி. சான்யாலுக்குச் சின்ன சக்கரமும் தடி டயரும் போட்டுக் குடு. ஆனா வண்டி தன்னால வெளியில வந்தது, அப்பா. நான் கண்ணால பார்த்தேன்."

"உன் அண்ணனுக்காகப் பேசறே நீ."

ஸ்னேகா எழுந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "அண்ணனுக்காகப் பேசணும்னா அந்த மனுஷர்கிட்ட 'எனக்கும்'னு சொல்லியிருப்பேனா? எடிட்டர்கிட்டப் போன் பண்ணிச் சொல்லியிருப்பேனா? என் வேலையே நிலைக்குமான்னு தெரியலை. என்னை என்ன வேணா சொல்லுங்கோ. பொய் சொல்றேன்னு மட்டும் சொல்லாதேங்கோ!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ பொய் சொல்லி நீங்க எப்பவாவது கேட்டிருக்கேளா?"

அப்பா தட்டை நகர்த்தினார். "செங்கல் இல்லாமலா வந்தது?"

"இல்லாம."

எழுந்து பால்கனிக்குப் போனார். கீழே தெரு விளக்கில் சேறு அப்பிய அந்த வண்டி நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நாளைக்கு விடிகார்த்தால போலாம். அதே பள்ளம். வேற இடம் கூடாது. நான்தான் ஓட்டுவேன். வெளியில வந்துடுத்துன்னா, வண்டி மேல தப்பில்லை, ஓட்டினவன் தப்புன்னு சான்யால்கிட்ட நானே சொல்றேன். வரலேன்னா அதையும் சொல்வேன்."

சந்தீப் மனதுக்குள் கணக்குப் போட்டான். அவன் நிலையில் நீங்களும் நானும் இருந்தாலும் போடுவோம். ஸ்டெப்னி ஏற்கனவே மாட்டியாகிவிட்டது. இன்னொரு டயர் போனால் மாற்ற ஒன்றுமில்லை. பத்து மணிக்கு ஷோரூம் திறக்கும்போது வண்டி அங்கே நிற்காவிட்டால், துர்கா பூஜை வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். நாளைக்கே கணக்கு முடித்துவிடுவார்கள். அதுவும் யார் கையில் கொடுப்பது? இன்று காற்றை இறக்கிய அதே கையில்.

"ஒரு கண்டிஷன்" என்றான்.

"என்ன?"

"நான் பக்கத்துல உக்காருவேன். காலை எடுன்னா எடுக்கணும். எடுக்காதேன்னா எடுக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லுவேன், நீங்க கேக்கணும்."

இந்த வீட்டில் இந்த மனிதரிடம் இப்படி ஒருவரும் பேசியதில்லை. அப்பா பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"கேக்கறேன்" என்றார்.

பிறந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தையை அப்பாவின் வாயால் தனக்காகக் கேட்டதில்லை சந்தீப். என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை இழுத்துச் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தான்.

அப்போதுதான் மழை பிடித்தது. தூறலில்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டு கொட்டென்று கொட்டியது. அம்மா ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். அந்நேரத்துக்கு ராஜார்ஹாட் பள்ளத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

நாளைக்கு வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.